காசநோய் மாத்திரையும் கல்லீரலும்

காசநோய்க்குக் குறைந்தது 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். பெரும்பாலோர் சிக்கலின்றி முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே கவனித்தால் கல்லீரலும் தேறும், காசநோயும் குணமாகும்.

எந்த மருந்தால்?

முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் தரப்படுகின்றன. இவற்றில் முதல் மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. பைராசினமைடால் அந்த ஆபத்து அதிகம். பாதிப்பு பெரும்பாலும் இந்த முதல் 2 மாதங்களில்தான் தலைகாட்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

மது அருந்துவோர், முதியவர்கள், உடல் மிக மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், ஹெபடைடிஸ் பி, சி அல்லது எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள். இவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் கல்லீரல் பரிசோதனை தேவை. சிகிச்சை முடியும்வரை மதுவைத் தொடவே கூடாது. காய்ச்சல், வலிக்குப் பாராசிட்டமால் வாங்குவதாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

அறிகுறிகள்

ரிஃபாம்பிசின் சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது இயல்பு, பயம் வேண்டாம். ஆனால் பசியே இல்லாமல் போவது, ஓயாத குமட்டல், வாந்தி, வலப்பக்க மேல்வயிற்றில் வலி, கடும் சோர்வு ஆகியவை எச்சரிக்கைகள். கண் மஞ்சளாகி, சிறுநீரும் டிகாக்‌ஷன் போலக் கறுத்தால் அது மஞ்சள் காமாலை. இந்த அறிகுறிகள் வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள். அறிகுறிகளோடு அது இயல்பின் உச்சவரம்பைவிட 3 மடங்கு கூடினாலோ, அறிகுறியே இல்லாமல் 5 மடங்கு கூடினாலோ, கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகளை நிறுத்துவார்கள். காசநோய் முற்றிய நிலையில் இருந்தால் கல்லீரலுக்குப் பாதுகாப்பான மாற்று மருந்துகள் உண்டு. அளவு இறங்கியதும் பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தொடங்கி, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் செய்யக் கூடாதது

காமாலை என்றதும் மருத்துவரிடம் சொல்லாமல் கீழாநெல்லிச் சாறு குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பது ஆபத்து. மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் கல்லீரல் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டால் காசநோய்க் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறலாம். அதற்கான சிகிச்சை இன்னும் கடினம். அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்தும் பரிசோதனையும் இலவசம். மாத்திரை தரும் சுகாதாரப் பணியாளரிடம் சொன்னால்கூடப் போதும், அவர் வழிகாட்டுவார். வாந்தியோ பசியின்மையோ தொடங்கிய அன்றே சொல்லிவிடுங்கள்.