கை கழுவச் சொல்லும் பச்சைக் கை

அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும் சோற்றுப் பார்சலுடன் பஸ் ஏறி, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ நோயாளி பார்க்கப் போகிறீர்கள். பஸ் கம்பியைப் பிடித்த கை, மிச்சக் காசு வாங்கிய கை, வாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே போகிறது? பிள்ளையின் கன்னத்துக்குத்தானே!

கை கழுவ வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் நினைவு வருவதில்லை. இந்த மறதிக்கு மருந்தாக 2019இல் கேரளத்தின் வயநாட்டில், அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஒன்றில், ரோபோ ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்கள். பெயர் பெப்பே. மனித உருவம்கூட இல்லை. பச்சை நிறத்தில் ஒரு கை, அதிலே அசையும் கண்கள், வாய்க்குப் பதிலாக ஒரு சிறு திரை. கை கழுவும் இடத்துக்கு மேலே சுவரில் இருந்துகொண்டு பிள்ளைகளோடு பேசும். அம்ரிதா பல்கலைக்கழகமும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த முயற்சி இது. சுமார் நூறு பிள்ளைகளிடையே கை கழுவும் பழக்கம் ஏறத்தாழ 40 வீதம் கூடியதாம்!

சுவரொட்டிக்கும் பெப்பேக்கும் என்ன வித்தியாசம்? சுவரொட்டி நம்மைப் பார்ப்பதில்லை. வைத்தியசாலைகளிலும் இதே கதைதான். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் டாக்டர்மாரும் தாதிமாரும்கூட அதிகமாகக் கை கழுவுகிறார்கள் என்பது உலகெங்கும் ஆய்வாளர்கள் கண்ட உண்மை. வைத்தியசாலை ரோபோக்களைப் பற்றி யோசிப்பவர்கள் நம்புவதும் இந்தக் கூச்சத்தைத்தான்.

“நான் வுழூவோடுதான் வந்தேன்” என்று சொல்லித் தப்ப வேண்டாம். வுழூவுக்குப் பிறகும் பஸ் கம்பி இருக்கிறதே! சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவச் சொல்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கையில் தடவும் திரவமென்றால் 20 முதல் 30 விநாடி போதும். அதில் மதுசாரம் இருக்கிறதே என்று தயங்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். கிருமி கொல்ல அதை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை தீர்ப்பளித்திருக்கிறது.

பேசும் கை இல்லாத வாட்டில் அந்த வேலையைக் கட்டிலில் இருக்கும் பிள்ளையிடமே கொடுங்கள். வருகிற மாமி, சாச்சி, ராத்தா எல்லோரிடமும், “கை கழுவினீங்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். உங்களிடமும்தான்.