‘இவனுக்கெல்லாம் எதுக்கு வக்கீல்?’

இந்த எபிசோடை என்னோட ஒரு பழைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2018 பிப்ரவரி. நான் அப்ப இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். சென்னை புறநகர்ல ஒரு ஏழு வயசுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்குல, செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் ஒரு இளைஞனுக்குத் தூக்கு தண்டனை கொடுத்தது. ஹாஸ்டல்ல கைதட்டினோம். ‘இவனுக்கெல்லாம் எதுக்கு வக்கீல், எதுக்கு விசாரணை’ன்னு நான் ஸ்டேட்டஸ் போட்டேன். அதே வருஷம் ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தூக்கை உறுதி செய்தது. அத்தோட நான் அதை மறந்துட்டேன்.

2025 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அதே ஆளை விடுதலை செய்தது. ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல ஒருத்தர் ‘பணம் விளையாடியிருக்கும் ப்ரோ’ன்னார். நானும் தலையாட்டினேன். அன்னைக்கு ராத்திரி தீர்ப்பை எடுத்துப் படிச்சேன். பணம் விளையாடற அளவுக்கு அங்க வக்கீலே இல்லைங்கறதுதான் கதை.

குற்றச்சாட்டு பதிவானது 2017 அக்டோபர்ல. அன்னைக்கு அந்த நபருக்கு வக்கீல் கிடையாது. (ஸ்டேட்டஸ்ல ‘அவன்’னு எழுதினேன், இப்ப ‘அந்த நபர்’னு வருது. கவனிச்சேன்.) சட்ட உதவி வக்கீல் ஒருத்தரை நியமிச்சது டிசம்பர்ல. நாலு நாள்ல சாட்சி விசாரணை ஆரம்பம். தூக்கு வரைக்கும் போகக்கூடிய ஒரு வழக்கோட மொத்தக் கட்டையும் படிச்சு, கட்சிக்காரர்கிட்ட பேசி, யாரை என்ன கேக்கணும்னு முடிவு பண்ண நாலு நாள். நாங்க ஒரு சாதாரண ரிலீஸுக்கே டெஸ்டிங்குக்கு ரெண்டு வாரம் கேக்கறோம்.

பிப்ரவரியில எல்லாம் முடிஞ்சது. குற்றவாளின்னு அறிவிச்ச அதே நாள்ல தூக்கும் விதிச்சாங்க. ஏழு வருஷம் கழிச்சு உச்ச நீதிமன்றம் ஆதாரங்களைத் திரும்பப் பாத்தப்ப, சங்கிலி எங்கெங்கயோ அறுந்து கிடந்தது. சிசிடிவில நடமாட்டம் தெரிஞ்சதுன்னு சாட்சி சொல்லியிருந்தார், ஆனா அந்தப் பதிவே கோர்ட்டுக்கு வரல. இந்த மாதிரி ஓட்டையை முதல் நாளே தோண்டி எடுக்கறதுதான் குறுக்கு விசாரணை. அப்பவே யாராவது ‘அந்தப் பதிவு எங்க?’ன்னு ஒழுங்கா மல்லுக்கட்டியிருந்தா, போலீஸ் அதைத் தேடி எடுத்திருக்கலாம், இல்ல வேற ஆளைத் தேடியிருக்கலாம். இப்ப அந்தக் குழந்தையோட அப்பா அம்மாவுக்குக் கையில ஒண்ணுமே இல்ல. குற்றவாளி யாருங்கற பதில்கூட இல்ல. வக்கீல் கொடுக்கறது குற்றவாளிக்குப் பண்ற சலுகைன்னு நினைச்ச எனக்கு இந்த இடத்துலதான் சுருக்குன்னது.

இதுல ரெண்டாவது தப்பு ஒண்ணு இருக்கு, அதே நாள் தண்டனை. இதைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா நிறைய பேருக்குத் தெரியாது (எனக்கும் தெரியாது).

நம்ம சட்டத்துல ‘செஞ்சானா?’ங்கறது ஒரு கேள்வி, ‘என்ன தண்டனை?’ங்கறது தனிக் கேள்வி. குற்றவாளின்னு முடிவான பிறகு, தண்டனை பத்தி அவர் தரப்பைக் கோர்ட் கேட்டே ஆகணும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 235(2). 2024 ஜூலைல இருந்து அமலுக்கு வந்த புதுச் சட்டத்துல 258(2). கொலைக்கு ரெண்டே தண்டனைதான், ஆயுள் அல்லது தூக்கு. 1980-ல் பச்சன் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆயுள்தான் விதி, தூக்கு அரிதிலும் அரிதான வழக்குக்கு மட்டும். குற்றம் எவ்வளவு கொடூரம்னு மட்டும் பாத்தா போதாது, அந்த மனுஷனையும் பாக்கணும். வயசு, மனநிலை, வளந்த சூழல், திருந்த வாய்ப்பு இருக்கா, எல்லாம். திருந்தவே மாட்டார்னு காட்ட வேண்டியது அரசுத் தரப்போட வேலை.

நடைமுறையில என்ன நடந்தது? ‘கல்யாணம் ஆகல, வயசான அம்மா இருக்காங்க, கருணை காட்டுங்க’. மூணு வரி. அவ்வளவுதான் பல வழக்குல தண்டனை வாதம். அதனாலதான் 2022-ல் மனோஜ் வழக்குல, தூக்கு பத்தி யோசிக்கற கோர்ட் விசாரணைக் கட்டத்துலயே மனநல அறிக்கை, ஜெயில்ல நடத்தை, குடும்பப் பின்னணி எல்லாத்தையும் கேட்டு வாங்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு.

அந்த விவரம் இல்லாம போனா என்ன ஆகும்னு புரிய ஒரு புனே வழக்கு. 1994-ல் ஒரே குடும்பத்துல குழந்தைகள் உட்பட ஏழு பேர் கொலை. படிச்சா வயித்தைப் பிரட்டும். குற்றவாளிகள்ல ஒருத்தருக்கு விதிச்ச தூக்கை 2000-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ரொம்ப வருஷம் கழிச்சு ராஜஸ்தான்ல அவர் படிச்ச பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தேடி எடுத்தாங்க. விசாரணை ஆவணங்கள்ல இருந்த பேரும் பதிவேட்டுப் பேரும் கொஞ்சம் வேற. பதிவேட்டுப்படி சம்பவம் நடந்தப்ப அவருக்கு வயசு 12. சிறார்னா அதிகபட்சம் மூணு வருஷம் சிறப்பு இல்லத்துல வைக்கலாம், தூக்குங்கற பேச்சே கிடையாது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டு அவரை வெளிய விட்டப்ப, உள்ள 28 வருஷம் முடிஞ்சிருந்தது. அந்த ஒரு பக்கத்தை யாரும் முதல்ல போய்த் தேடல.

சரி, தூக்கு வழக்குங்க ரொம்பக் கொஞ்சம். சாதாரணமா நம்ம ஏரியாவுல நடக்கறது வேற. டாஸ்மாக் வாசல்ல சண்டை, ஒருத்தன் பாட்டிலை எடுத்து அடிக்கிறான், அடிபட்டவன் செத்துப் போறான். அடிச்சது நிஜம், பத்து பேர் பாத்தாங்க. இதுல வக்கீல் என்ன பண்ணுவார்? இது திட்டம் போட்ட கொலையா, திடீர் சண்டையில ஆத்திரத்துல நடந்ததாங்கறதைத்தான் வாதாடுவார். முதலாவது கொலை, குறைஞ்சது ஆயுள். ரெண்டாவதுன்னு கோர்ட் ஏத்துக்கிட்டா, கொலை ஆகாத மரணம் விளைவிப்பு. சாகடிக்கற நோக்கம் இல்ல, சாவு வரலாம்ங்கற அறிவு மட்டும் இருந்துச்சுன்னு ஆனா, தண்டனை பத்து வருஷத்தைத் தாண்டாது. கொலையில்லன்னு யாரும் பொய் சொல்லல. என்ன நடந்ததுங்கறதோட துல்லியம்தான் அங்க சண்டையே.

போற போக்குல ஒண்ணு: ஆயுள்னா 14 வருஷம்னு சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பு. ஆயுள்னா உயிர் இருக்கற வரைக்கும். கொலை வழக்கு ஆயுள் கைதிக்கு அரசு தண்டனைக் குறைப்பு கொடுக்கணும்னா, குறைஞ்சது 14 வருஷம் உள்ள இருந்திருக்கணும். அவ்வளவுதான் அந்தக் கணக்கு.

‘சரி, ஆனா வக்கீலுங்களே ஆஜராக மாட்டோம்னு சொல்றாங்களே?’ கோயம்புத்தூர்ல அப்படி ஒண்ணு நடந்தது. வக்கீலுக்கும் போலீசுக்கும் மோதல், அதுல வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரங்களுக்காக எங்க உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அதாவது நேத்து வரைக்கும் மத்தவங்களைப் பிடிச்சு உள்ள போட்டுக்கிட்டிருந்தவங்களுக்கே ஆள் இல்ல! 2010-ல் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரித் தீர்மானம் எல்லாமே செல்லாதுன்னு சொல்லிச்சு. பயங்கரவாதியோ கொலையாளியோ, யாரா இருந்தாலும் தன் தரப்பைச் சொல்ல வக்கீல் வெச்சுக்க உரிமை உண்டு. அரசியலமைப்பு 22(1) அதைத்தான் சொல்லுது. மும்பைத் தாக்குதல்ல உயிரோட பிடிபட்ட அஜ்மல் கசாபுக்கும் கோர்ட் வக்கீல் கொடுத்தது, உச்ச நீதிமன்றம் வரைக்கும். 2012-ல் தூக்கும் நிறைவேறியது. அந்த விசாரணை சரியில்லன்னு யாரும் எளிதா சொல்லிட முடியல இல்லையா.

காசு இல்லாதவங்களுக்கு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கு. காவல்ல இருக்கற யாரும், வருமானம் எவ்வளவுன்னு கணக்குப் பாக்காம, இலவச வக்கீல் கேக்கலாம். கிடைக்குது, ஆனா எப்ப, எத்தனை நாள் முன்னாடி, அவருக்கு எத்தனை கட்டு ஏற்கெனவே கையில இருக்குங்கறதுதான் பிரச்சினை. உங்க தெருவுல யாரையாவது கூட்டிட்டுப் போனா, அவங்க வீட்டுக்காரங்ககிட்ட இந்த நம்பரைக் கொடுங்க: 15100. கட்டணம் கிடையாது. ரிமாண்ட் அன்னைக்கே கேக்கச் சொல்லுங்க, குற்றச்சாட்டு பதிவாகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்த 2018 ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல மறைஞ்சிடுச்சு. ஆனா ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன்கிட்ட ஸ்கிரீன்ஷாட் இருந்திருக்கு, தீர்ப்பு வந்த மறுநாள் அனுப்பி வெச்சான். கூட ஒரு கேள்விக்குறி மட்டும். இந்த எபிசோடோட லிங்க்கை அவனுக்குத்தான் முதல்ல அனுப்பப் போறேன்.