ராத்திரி 2 மணிக்கு ஏறணும், விடிஞ்சதும் இறங்கணும்... சிவனொளிபாத மலைக்குப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க!

அரை நாள் இருந்தால் போதும், ஏறி இறங்கிவிடலாம். ஆனால் ‘சும்மா படிக்கட்டுதானே’ என்று நினைத்துப் போகிறவர்களின் முழங்காலை இரண்டு நாளைக்குப் பேச வைக்கும் மலை இது. இலங்கையின் மலையகத்தில் உள்ள சிவனொளிபாத மலை பற்றித்தான் இந்தத் தொகுப்பு.

எங்கே இருக்கிறது?

மலையின் உயரம் 2,243 மீட்டர், அதாவது சுமார் 7,360 அடி. இலங்கையின் மிக உயரமான மலை இது அல்ல. அந்தப் பெருமை பிதுருதலாகலைக்குத்தான். ஆனால் கூம்பு போல தனித்து நிற்பதால் தூரத்தில் இருந்தே இந்த மலை கண்ணில் படும்.

உச்சியில் பாதம் போன்ற ஒரு தடம் இருக்கிறது. அது புத்தரின் பாதம் என்று பௌத்தர்களும், சிவபெருமானின் பாதம் என்று இந்துக்களும், ஆதாமின் பாதம் என்று இஸ்லாமியர்களும் நம்புகிறார்கள். கிறிஸ்தவர்களில் சிலர் ஆதாமையும், சிலர் புனித தோமையாரையும் சொல்வார்கள். அதனால்தான் ஸ்ரீபாத, ஆதாம் சிகரம் என்று இதற்கு இத்தனை பெயர்கள்.

எந்தப் பாதை ஈஸி?

ரத்தினபுரி பக்கமிருந்தும் பாதை உண்டு. ஆனால் அது நீளம். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து ஏறுகிறார்கள். ஊர்ப் பெயரே நல்லதண்ணி என்பதால், அங்கே யார் வாழ்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். வழி கேட்க தமிழே போதும்.

இங்கிருந்து சுமார் 5,500 படிகள். ஆரம்பத்தில் ஏற்றம் லேசாகத்தான் இருக்கும். சீத்த கங்குல என்ற குளிர்ந்த ஓடையைத் தாண்டிய பிறகுதான் உண்மையான ஏற்றம் தொடங்கும். கடைசிப் பகுதி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டிய அளவுக்குச் செங்குத்து. ஏற 3 முதல் 4 மணி நேரம், இறங்க 2 முதல் 3 மணி நேரம் ஆகும்.

ஏன் ராத்திரியில் ஏறுகிறார்கள்?

சூரிய உதயத்துக்காக. சூரியன் எழும்போது எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் மேற்குப் பக்கம் திரும்பும். அங்கே பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக விழுந்திருக்கும்.

இது எப்படி? தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால் தூரத்தில் இரண்டு கம்பிகளும் ஒன்றாகச் சேர்வது போலத் தெரியும் அல்லவா? அதே கதைதான். அந்த நேரத்தில் நிழல் பல கிலோமீட்டர் நீளும். நீள நீள, நம் கண்ணுக்கு அது ஒரு புள்ளியில் குவிகிறது. மலை எந்த வடிவத்தில் இருந்தாலும், உச்சியில் இருந்து பார்த்தால் நிழல் முக்கோணமாகவே தெரியும். சூரியன் மேலே ஏற ஏற நிழல் சுருங்கிவிடும். எனவே தாமதித்தால் கிடைக்காது.

சீக்கிரம் போனால் நல்லதா?

இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 11 மணிக்கே கிளம்பி 3 மணிக்கு உச்சிக்குப் போய்விட்டால், வியர்வையில் நனைந்த உடையோடு குளிர்காற்றில் 3 மணி நேரம் நிற்க வேண்டி வரும். ஈரத்துணி உடல் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது ஆபத்து. சாதாரண நாளில் 2 மணி வாக்கில் கிளம்பினால் சரியாக இருக்கும். பையில் மாற்று பனியன் ஒன்று, ஸ்வெட்டர், குல்லா, டார்ச் கட்டாயம்.

போயா எனப்படும் பௌர்ணமி நாட்களிலும் வார இறுதியிலும் கூட்டம் படிகளிலேயே தேங்கி நிற்கும். உதயத்தை வரிசையில் நின்றபடியே பார்க்க வேண்டியதுதான். வார நாட்களே பெஸ்ட்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை சீசன். அப்போது பாதை முழுக்க விளக்கு எரியும், டீக்கடை இருக்கும், துணைக்கு ஆள் இருப்பார்கள். மற்ற மாதங்களில் இருட்டு, மழை, வழுக்கல், அட்டைக்கடி. அவசரத்துக்குக் குரல் கொடுத்தாலும் கேட்க ஆள் குறைவு. சீசன் இல்லாத நேரத்தில் தனியாக ஏறாமல் இருப்பதே நல்லது.

யார் யோசிக்க வேண்டும்?

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏற வேண்டாம். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், உட்கார்ந்தும் அடங்காத மூச்சுவாங்கல் இருந்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் நின்றுவிட வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ என்ற எண்ணம்தான் இங்கே பெரிய ஆபத்து. மலை அங்கேயேதான் இருக்கும், அடுத்த வருஷமும் வரலாம்.

இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தொடைத் தசைகள் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் முழங்கால் வலி அதிகம். குதிக்காமல், பக்கவாட்டில் கால் வைத்து மெதுவாக இறங்கினால் வலி குறையும். வெறும் வயிற்றிலும் இறங்கக் கூடாது.

பிளாஸ்டிக் ஏன் கூடாது?

இந்த மலைக்காடு, 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. களனி, களு, வளவை ஆறுகளின் ஊற்றுக்கண்ணும் இந்தப் பகுதிதான். கொழும்பு மக்கள் குடிப்பது களனித் தண்ணீர். உச்சியில் ஒருவர் வீசும் பாட்டில் கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். கொண்டுபோன பாட்டிலையும் பிஸ்கட் கவரையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும், பாதத் தடத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது. அங்கே ஒரு மணி தொங்கும். எத்தனையாவது முறை ஏறியிருக்கிறாரோ, அத்தனை தடவை அடிப்பது வழக்கம். முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரே ஒரு அடிதான். அந்த ஒன்றை அடித்துவிட்டு, காலை 10 மணிக்குள் நல்லதண்ணிக்கு இறங்கி ஒரு பிளேன்டீ குடித்தால் பயணம் முடிந்தது.