ஓர் எக்ஸ் குறைந்தால் தாடை ஏன் சிறுக்கிறது?

ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு, இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இருப்பதில்லை. 1938இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் விவரித்த நிலை இது. குள்ளமான உடல்தான் எல்லோர் கண்ணிலும் படும். பின்தங்கிய சிறு தாடையும் குறுகி உயர்ந்த அண்ணமும் பலருக்கு உண்டு. அவற்றை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் எக்ஸ் எப்படியும் உறங்கிவிடுகிறதே, ஒன்று குறைந்தால் என்ன நஷ்டம்? முழுதாக உறங்குவதில்லை என்பதுதான் விடை. அதன் நுனியிலுள்ள ‘ஷாக்ஸ்’ மரபணு விழித்தே இருக்கும். (ஒய் குரோமோசோமிலும் இது உண்டு, ஆகவே ஆண்களுக்கும் இரண்டு பிரதிகள்.) கருவில் கைகால்களிலும், பின்னர் தாடையாகும் வளைவுகளிலும் இது வேலை செய்கிறது. ஒரே பிரதி போதாமல் குருத்தெலும்பின் வளர்ச்சி தடுமாறுகிறது, தாடையும் சிறுக்கிறது. மண்டையோட்டிலும் இதன் தடம் தெரியும். அதன் கூரை சவ்விலிருந்து நேரடியாக எலும்பாகிறது. அடித்தளமோ குருத்தெலும்பு வழியாகவே நீள்கிறது. அதனால் அடித்தளத்தின் பின்பகுதி குறுகிவிடுகிறது. மாறாக, கூடுதல் எக்ஸ் கொண்ட ஆண்களிடம் கீழ்த்தாடை சற்று முன்னே நீள்வதும் பதிவாகியுள்ளது.

வயதுக்கேற்ற உயரமில்லாத சிறுமிக்குப் பல் நெருக்கமும் அடிக்கடி காதுவலியும் இருந்தால், குரோமோசோம் பரிசோதனை தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.