குருவி பார்ப்பதும் தொழில் அறிவும்

நொய்யல் நீர் நிரப்பும் சிங்காநல்லூர்க் குளக்கரையிலும் உக்கடம் பெரியகுளக் கரையிலும், விடியற்காலையில் தொலைநோக்கியும் கையுமாகச் சிலர் நிற்பதை அங்கத்தினர் பலர் கண்டிருக்கக்கூடும். பறவை ஆராய்ச்சிக்கென்றே 1990-ஆம் ஆண்டில் ஏற்பட்ட நிலையம் ஒன்று, கோயமுத்தூரை அடுத்த ஆனைகட்டியில் சாலிம் அலி அவர்களின் பெயரால் நடைபெற்று வருகிறது. "தறியும் ஏரும் உடையவனுக்குக் குருவி பார்ப்பதால் என்ன பிரயோசனம்?" என்று கேட்போரும் உண்டு. ஜப்பான் தேசத்து அனுபவம் ஒன்று இதற்கு விடை கூறுகிறது.

அந்நாட்டின் அதிவேக ரயில் சுரங்கப் பாதையினுள் நுழையுங்கால், முன்னுள்ள காற்று நெருக்குண்டு, மறுவாயிலில் வெடியோசை எழும். அருகில் குடியிருந்தோர் பெரிதும் துன்புற்றனர். இக்குறையைத் தீர்க்க முயன்றவர் எயிஜி நகாட்சு என்னும் பொறியாளர். ஓய்வு வேளையில் பறவைகளை உற்று நோக்குவது அவருக்குப் பழக்கம். மீன்கொத்தி நீரினுள் பாயும்போது நீர் அதிகம் தெறிப்பதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. ஆயினும் நினைவை மட்டும் நம்பி வேலை தொடங்கவில்லை. பல வடிவக் குண்டுகளைக் குழாயினுள் செலுத்தி அளந்து பார்த்தனர். மீன்கொத்தியின் அலகை ஒத்த வடிவமே சிறந்ததென்று தெரிந்தது. 15 மீட்டர் நீள மூக்குடன் அமைந்த அந்த ரயில், 1997-இல் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கியது. மேலே மின்கம்பியைத் தொடும் கருவியின் இரைச்சலைத் தணிக்க ஆந்தையின் இறகு வழிகாட்டிற்று.

பறவை தந்தது ஒரு குறிப்பே. அதைக் கண்டுகொண்டது பொறுமையாகப் பார்க்கும் பழக்கம்; காரியத்தை முடித்தது அளவு.

நமக்கும் இது புதிதன்று. கரிச்சான் குருவி உயர்ந்த இடத்தில் அமர்ந்து இரை பிடிக்கும். இவ்வியல்பை வைத்தே, காய்ப்புழுவைக் குறைக்கப் பருத்திக் காட்டில் பறவைத் தாங்கிகள் நடும் முறை அமைந்திருக்கிறது. இரவில் அத்தாங்கியில் ஆந்தை வந்தமர்ந்தால் எலியும் குறையும். தாங்கி நட்ட பாத்தியிலும் நடாத பாத்தியிலும் புழுக்களை எண்ணிப் பார்த்தால் பலன் விளங்கும். வீண் மருந்துச் செலவும் மிஞ்சும்.

நெசவாளருக்கும் இதுவே வழி. பாவு இழை அடிக்கடி அறுந்தால், உடனே நூலைக் குறை கூறிச் சங்கத்துக்குத் திருப்ப வேண்டாம். அறுவது அச்சிலா, விழுதிலா? காலையிலா, காற்று உலர்ந்த பிற்பகலிலா? சில நாள் குறித்துப் பாருங்கள். குறை நூலில்தான் என்றால், அக்குறிப்பே தங்களுக்குச் சாட்சி. தறியில் என்றால், இழக்கவிருந்த கூலி தங்கள் கையில் நிற்கும்.

கண்டதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரையுங்கள். ஒருவர் கண்டது அனைவர்க்கும் ஆகும்.