குளமும் டேங்க், பீரங்கி வண்டியும் டேங்க்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ‘டேங்க்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியாதவர்கள் அநேகமாக இல்லை. மாடியில் சின்டெக்ஸ் டேங்க், பைக்கில் பெட்ரோல் டேங்க், கொல்லையில் செப்டிக் டேங்க். ஊராட்சியில் காலையும் மாலையும் தண்ணீர் திறந்துவிடுபவர் டேங்க் ஆபரேட்டர். இப்படி நாள்தோறும் புழங்கும் சொல்தான், ஆங்கில வழியில் வரலாறு படிக்கும் மாணவரைத் திடீரென்று தடுக்கிவிடுகிறது. அரசர்கள் ஊர்தோறும் டேங்க் வெட்டினார்கள் என்று பாடம் சொல்கிறது. தொட்டியைக் கட்டுவார்கள், யார் வெட்டுவார்கள்? அடுத்த பாடத்தில் போர்க்களத்தில் டேங்க் உருண்டு வருகிறது. ஒரே சொல் எத்தனை பொருளில் வருகிறது, எங்கே எதை எடுத்துக்கொள்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

அடிப்படைப் பொருள்

உலகம் முழுக்கச் செல்லும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: திரவத்தையோ வாயுவையோ அடைத்து வைக்கும் பெரிய கலம். வாட்டர் டேங்க், ஃபியூவல் டேங்க், மீன் வளர்க்கும் ஃபிஷ் டேங்க் எல்லாம் இதில் அடங்கும். நாம் ஆக்சிஜன் சிலிண்டர் என்பதை அமெரிக்கர்கள் ஆக்சிஜன் டேங்க் என்பார்கள். தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டியை நம் ஊரில் ‘சம்ப்’ என்கிறோம். வெளிநாட்டில் சம்ப் என்றால் கழிவுநீர் வந்து சேரும் குழி, அல்லது எஞ்சினில் ஆயில் தங்கும் அடிப்பகுதி. குடிநீர் சம்பில் இருக்கிறது என்று அங்கே சொன்னால் முகம் சுளிப்பார்கள். ‘அண்டர்கிரவுண்ட் டேங்க்’ என்றால் குழப்பம் வராது.

நம் ஊர்ப் பொருள்

இந்திய, இலங்கை ஆங்கிலத்தில் டேங்க் என்றால் குளம், ஏரி, கண்மாய். இந்தச் சொல்லை ஆங்கிலேயர் பிடித்ததே இந்தியாவில்தான். குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொற்களும், குளத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லும் ஒலியில் இதற்கு மிக நெருக்கமானவை. இரண்டும் கலந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியிருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. இந்தியச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்த கதையைத் தொகுத்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் டேங்குக்குத் தனிப் பதிவு உண்டு. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல், பக்கத்துத் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

மழையை நம்பி, ஆயிரக்கணக்கான கண்மாய்களில் நீரைத் தேக்கிப் பிழைத்த மண் புதுக்கோட்டை. ஆகவே இங்கு ஆண்ட தொண்டைமான்கள் காலத்து ஆங்கில ஆவணங்களில் டேங்க் திரும்பத் திரும்ப வரும். புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் நூலாக வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1940களில் வந்தது. மொழிபெயர்ப்பைப் புரட்டினால் ஏரி, குளம் என வருமிடங்களில் டேங்க் நிற்பதைக் காணலாம். நகரத்துப் பல்லவன் குளமும் டேங்க்தான், ஊருக்கு வெளியே பரந்து கிடக்கும் கவிநாடு கண்மாயும் டேங்க்தான்.

தமிழ் அப்படிப் பொதுவில் விடுவதில்லை. வயலுக்குப் பாய்வது கண்மாய் அல்லது ஏரி, குடிக்க எடுப்பது ஊருணி, கோயிலைச் சேர்ந்தது தெப்பக்குளம், பாறையில் ஊறி நிற்பது சுனை. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த வேறுபாட்டை முன்னால் ஒரு சொல் சேர்த்துக் காட்ட வேண்டும்: கண்மாய்க்கு இரிகேஷன் டேங்க், தெப்பக்குளத்துக்கு டெம்பிள் டேங்க், ஊருணிக்கு டிரிங்கிங் வாட்டர் டேங்க் அல்லது பாண்ட். சுனைக்கு மட்டும் டேங்க் பொருந்தாது. சித்தன்னவாசல் மலையில் உள்ள நாவல் சுனையைப் போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘டார்ன்’ என்று தனிச் சொல் இருக்கிறது. அதே ஊர்க் குகைக்கோயிலின் விதானத்தில் மீனும் யானையும் தாமரை பறிக்கும் ஆட்களுமாகத் தீட்டியிருக்கும் பொய்கையை லோட்டஸ் பாண்ட் என்றால் எவருக்கும் விளங்கும்.

அலுவலக ஆங்கிலம்

கண்மாயை ஒட்டி ஒரு சொற்கூட்டமே இருக்கிறது. கரைக்கு டேங்க் பண்ட், மடைக்கு ஸ்லூயிஸ், வரத்து வாரிக்கு சப்ளை சேனல், உள்வாய்க்கு டேங்க் பெட். பாசனப் பரப்பு ‘ஆயகட்’. இது நம் ஆயக்கட்டேதான். அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. மிகுநீர் வழியும் கலிங்குகூட ‘கலிங்குலா’ என்ற வடிவில் ஹாப்சன் ஜாப்சனில் ஏறியிருக்கிறது. உலகப் பொது ஆங்கிலத்தில் அதற்கு வியர்.

ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ நீர் வரும் கண்மாயைப் நீர்வளத் துறையினர் சிஸ்டம் டேங்க் என்பார்கள். வானம் பார்த்த கண்மாய் ரெயின்ஃபெட் டேங்க். ஜமீன் ஒழிப்புக்குப் பின் அரசுக்கு வந்தது எக்ஸ் ஜமீன் டேங்க். கண்மாய் நிறைந்து ‘கலிங்கு பாயுது’ என்று ஊரில் சொல்வதை, அறிக்கையில் ‘தி டேங்க் இஸ் சர்ப்ளஸிங்’ என்று எழுதுவார்கள். சர்ப்ளஸ் என்பதை இப்படி வினையாக்கியது இந்தியப் பொறியாளர் வழக்கு. வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘ஓவர்ஃப்ளோயிங்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

போர்க்கள டேங்க்

முதல் உலகப் போரில், முள்வேலியையும் பதுங்குகுழிகளையும் தாண்டிப் போகும் கவச வண்டி ஒன்றை இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1915இல் உருவாக்கினார்கள். பெரிய இரும்புப் பெட்டி போலிருந்த அது என்னவென்று வெளியே தெரியக் கூடாது. தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று கதை கட்டினார்கள். டேங்க் என்ற மறைபெயரும் வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில், சோம் போர்முனையில் அந்த வண்டிகள் முதன்முதலாகக் களமிறங்கின. ரகசியம் உடைந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் அதை டாங்கி என்கிறோம். சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா, அர்ஜுன் ஆகிய டாங்கிகளைச் செய்தது. நீர்த்தொட்டி, குளம், டாங்கி மூன்றுக்கும் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றே.

இன்னும் சில

டேங்க் எஞ்சின்: தண்ணீரையும் எரிபொருளையும் தனிப் பெட்டியில் இழுக்காமல் தன்மேலேயே சுமக்கும் நீராவி ரயில் எஞ்சின். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் இந்த இனம்.

டேங்க் டாப்: கையில்லாத மேல்சட்டை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் நீச்சல் குளத்தையும் டேங்க் என்றார்கள். அதில் நீந்த அணிந்தது டேங்க் சூட். அதன் மேல்பாதி வடிவம் இது.

திங்க் டேங்க்: கொள்கைகளை ஆராய்ந்து அரசுக்கு யோசனை சொல்லும் நிறுவனம். சிந்தனைக் குழு என்று எழுதலாம். ‘சிந்தனைத் தொட்டி’ வேண்டாம்.

டேங்க் அப்: பேச்சு வழக்கில் வண்டிக்கு எரிபொருள் நிரப்புவது. ‘டேங்க்ட் அப்’ என்றால் அந்த ஆள் அளவு மீறிக் குடித்திருக்கிறார். ஓர் எழுத்தொலிதான் வித்தியாசம், பார்த்துப் பேசவும்.

வினைச்சொல்லாக வரும் டேங்க்: படம் படுத்துவிட்டால் ‘தி ஃபிலிம் டேங்க்ட்’, பங்கு விலை சரிந்தால் ‘தி ஷேர் பிரைஸ் டேங்க்ட்’. டென்னிஸில் வேண்டுமென்றே ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதும் டேங்க் செய்வதுதான். இது பேச்சு நடை, செய்தித் தலைப்பு நடை. தேர்வுத்தாளிலும் அலுவல் கடிதத்திலும் ‘ஃபெயில்ட்’, ‘ஃபெல் ஷார்ப்லி’ என்று எழுதுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

டேங்கைத் தனியாகப் பார்க்காமல் பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். பண்ட், ஸ்லூயிஸ், ஆயகட், டீசில்டிங் வந்தால் கண்மாய். ஓவர்ஹெட், லிட்டர், லீக், வால்வ் வந்தால் தொட்டி. ஆர்மி, கன், பார்டர் வந்தால் டாங்கி. எட், இங் விகுதி ஒட்டியிருந்தால் வினையா என்று யோசியுங்கள்.

படிப்பதற்கு இது போதும். எழுதும்போது, வாசிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னைக்கோ டில்லிக்கோ எழுதும் மனுவில் ‘அவர் வில்லேஜ் டேங்க்’ என்றால் கண்மாய் என்று புரிந்துகொள்வார்கள். லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ எழுதினால், சிமெண்டுத் தொட்டி ஒன்றைத் தூர்வாரப் பணம் கேட்கிறீர்கள் என்று நினைக்கக்கூடும். முதல் முறை ‘இரிகேஷன் டேங்க்’ என்று எழுதி, மனிதர் கட்டிய ஏரி என்று அரை வரியில் விளக்கிவிடுங்கள். அதன் பிறகு வெறும் டேங்க் என்றே எழுதிப் போகலாம்.