பழுதிற் பிறந்த நாதம்
வீட்டில் மின்சுற்றுப் பலகை செய்யும் விதம்

வாத்தியமொன்றின் ஒலி பழுதுபட்டால் அதனைத் திருத்துவதே உலக வழக்கம். பழுதையே விரும்பி, அதனை உண்டாக்குவதற்கென்று ஒரு கருவி செய்தார்கள் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் நடந்தது அதுவே.

1961ஆம் ஆண்டில் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டபோது, பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதுற்றது. கிராடி மார்ட்டின் வாசித்த அடித்தொனிக் கிற்றாரின் ஒலி, வண்டு ரீங்காரம் போலக் கரகரத்துப் பதிவாயிற்று. அதனை நீக்காமலே இசைத்தட்டை வெளியிட்டனர். கேட்டவர்கள் அந்த ஒலியையே நாடினர். பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்னோடி, திரான்சிற்றர்களைக் கொண்டு அதே கரகரப்பை வேண்டும்போது எழுப்பும் சுற்றொன்றை அமைத்தார். 1962இல் அது காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டியாகக் கடைகளுக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம் புகழ்பெற்ற பாடலொன்றில் அதனைப் பயன்படுத்தியதன் பின்னர் அப்பெட்டிக்குப் பெருங் கிராக்கி ஏற்பட்டது.

இதன் தத்துவம் எளிது. கிற்றாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைத் திரான்சிற்றர் அளவுக்கு மீறிப் பெருக்குகின்றது. பற்றரியின் மின்னழுத்தத்துக்கு மேல் அலை எழ இயலாதாகையால் அதன் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையிற் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் வட்டப் பெட்டிக்குள் இருந்தவை இரண்டு திரான்சிற்றர்கள், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், திருகி அளவு மாற்றும் தடையிகள் இரண்டு, அவ்வளவே! ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கையாண்டதும் இதனையே. உறுப்புகள் இத்துணைச் சிலவாக இருப்பதாலேயே மாணவர் ஒருவர் வீட்டில் முயல்வதற்கு இது ஏற்றது. பற்றரியில் இயங்குவதால் மின் அதிர்ச்சிக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

உறுப்புகளை இணைக்கும் பலகையை எவ்வாறு செய்வது? ஒரு பக்கம் செப்புத் தகடு ஒட்டிய நார்ப்பலகை மின்னியற் கடைகளில் விற்கப்படுகின்றது. செம்பின் தடிப்பு ஏறத்தாழ 0.035 மில்லிமீற்றர். சுற்றின் படத்தை லேசர் அச்சுப்பொறியிற் பளபளப்பான தாளில் அச்சிட்டு, செப்பின்மேற் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கருமை செப்பில் ஒட்டிக்கொள்ளும். தாளை நீரில் ஊறவைத்து உரித்துவிடலாம். பின்னர் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால், கருமை மூடாத செம்பு முழுவதும் கரைந்துபோம். பாத்திரத்தை வெந்நீரில் வைத்து மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் வேலை விரைவில் முடியும். எஞ்சிய கோடுகளே கம்பிகளாகப் பணிபுரியும். 1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த துளைகளை இட்டு, உறுப்புகளைப் பற்றாசு பிடிக்க வேண்டியதே மிச்சம்.

தாய்மாருக்கு இங்கே ஒரு வார்த்தை. இக்கரைசலை அலுமினியப் பாத்திரத்தில் ஊற்ற ஒருபோதும் இடங்கொடாதீர்கள். அது அலுமினியத்தை அரித்துப் பொங்கி எழும். பிளாஸ்ரிக்குத் தட்டமே தகும். துணியிற் பட்ட மஞ்சட் கறை எச்சலவைக்கும் போகாது. கையுறையும் கண்ணாடியும் அணிவது அவசியம். கரைசலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். பயன்படுத்திய கரைசலில் நச்சுத்தன்மையுள்ள செம்பு கலந்திருக்கும். கிணற்று நீரை உண்டு வாழும் யாழ்ப்பாணத்து வளவுகளில் அதனை மண்ணில் ஊற்றுவது நம் குடிநீரிலேயே நஞ்சைக் கலப்பதாகும். பெயர் எழுதிய போத்தலில் அடைத்து, சிறுவர்க்கு எட்டாதபடி வைத்தல் வேண்டும்.

என் தமக்கையின் மகன் சென்ற விடுமுறையில் இதனைச் செய்யத் தொடங்கினான். தான் சேமித்த பணத்திலேயே பொருள்களை வாங்கினான். மூன்று நாள் உழைப்பின் பின்னர் கிற்றாரை இணைத்தான். ஓசையே இல்லை. பையனின் முகம் வாடிற்று. “எல்லாம் வீணாய்ப் போச்சுது, மாமா” என்று பலகையை என் கையில் தந்தான்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். செப்பிற் பொறித்த அவன் பெயரின் முதலெழுத்து, கண்ணாடியிற் பார்ப்பதுபோல இடம்வலம் மாறியிருந்தது! தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால் படம் தானாகவே மாறும். அதற்காகவே மூலப் படத்தில் எழுத்துகள் மாறிக் கிடக்கும். அவனோ அதனைப் பிழையெனக் கருதித் திருத்தி அச்சிட்டுவிட்டான். நானும் முதன்முதலிற் செய்த பிழை இதுவேயாதலால் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை.

“புதிதாய் ஒன்று செய்ய வேணுமோ, மாமா?”

“பொறு, தம்பி. தடையிக்கு இடம் வலம் ஏது? திரான்சிற்றரின் கால்கள்தானே மாறிப் போயின?”

மூன்று கால்களும் ஒரே வரிசையில் அமைந்தவையாதலால், இரண்டு திரான்சிற்றர்களையும் கழற்றி, எதிர்ப்புறமாகத் திருப்பிப் பற்றாசு பிடித்தோம். மாறியிருந்த வெளிக்கம்பிகளையும் மாற்றினோம். இரவு எட்டு மணியளவில் அவன் மீண்டும் தந்தியை மீட்டினான். ஆயிரம் வண்டுகள் ஒருங்கே எழுந்தாற்போல ஒரு முழக்கம்! அடுக்களையிலிருந்து ஓடிவந்த தமக்கை, “ஐயோ, என்னடா பழுதாய்ப் போச்சுது?” என்று கேட்டாள்.